வெளிச்சம் பார்க்க நின்றவள்

டெஸ்ட் படங்களை அழிக்காதீர்கள். சொல்ல வந்தது இவ்வளவுதான். இதோடு நிறுத்திக்கொண்டால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் படிக்கிற வேலை மிச்சம். ஆனால் காரணம் சொல்லாமல் சொன்னால் நீங்கள் கேட்கப் போவதில்லை. உங்கள் வயதில் நானும் யார் சொல்லியும் கேட்டதில்லை.

ஈப்போவில் புதிதாகக் கேமரா தூக்கியிருக்கும் பெண்களெல்லாம் சேர்ந்து என்னை எழுதச் சொன்னீர்கள். முப்பது வருடம் ஸ்டூடியோ நடத்தியவள், வேஷம் போட்டுத் தன்னையே படமெடுத்துக் கண்காட்சி வைத்தவள், அனுபவம் இருக்கும் என்று நினைத்திருப்பீர்கள். உங்களில் ஒருத்தி இப்போது நர்ஸாக, மாமியாராக, கோயில் வாசலில் பூ விற்பவளாக வேஷம் கட்டித் தன்னை எடுத்துக்கொண்டிருக்கிறாளாம். படங்கள் ரொம்ப நன்றாக வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் தொடங்கியது எரிச்சலில். ஸ்டூடியோவுக்கு வருகிற பெண் எப்படி நிற்க வேண்டும் என்பதை அவளைத் தவிர எல்லோரும் சொல்வார்கள். கல்யாணப் பெண்ணா, தலையைக் குனி. பிள்ளை பெற்றவளா, பிள்ளையை மடியில் வை. புருஷனை இழந்தவளா, சிரிக்காதே. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவைச் சாத்திக்கொண்டு, கூறைச் சேலையும் வாடகை நகையுமாக உட்கார்ந்து, தலையை நிமிர்த்தி லென்ஸை முறைத்துப் பார்த்து என்னையே ஒரு படம் எடுத்தேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது, கல்யாணம் ஆகவில்லை. அப்புறம் விதவையாக, தோட்டத்தில் கணக்கெழுதுகிற கிராணியின் பெண்டாட்டியாக, சாமியாடியாக என்று வரிசையாக வந்தது. விதவைப் படத்தைப் பார்த்து என் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வேலைக்காரியாக எடுத்த கதையைக் கேளுங்கள். ஈப்போவில் பெரிய பங்களா ஒன்றின் வெளிக்கேட்டில் துடைப்பத்தோடு நின்றேன். கேமரா எதிர்ப்பக்கம் முக்காலியில் தானாக ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மா வெளியே வந்து, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்ன நின்னுக்கிட்டு இருக்க, லோங்காங்கக் கழுவு" என்றாள். லோங்காங் என்றால் வாசல் சாக்கடை. நானும் வாயைத் திறக்காமல் குனிந்து கழுவினேன். வேஷம் பலித்துவிட்டது என்று எனக்கு அவ்வளவு தலைக்கனம். பத்து வருடம் இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்த வீட்டுச் சாக்கடையைத் தினமும் கழுவிய பெண் யார் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை.

இந்தப் புத்தியோடுதான் அஞ்சலையிடம் போய்ச் சேர்ந்தேன்.

கோலா கங்சார் போகிற சாலையில் உள்ளே தள்ளி ஒரு தோட்டம். முக்கால்வாசி செம்பனை ஆகிவிட்டிருந்தது. மிச்சமிருந்த ரப்பர் பால்மரங்களில் பட்டை கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்த நாலைந்து பெண்களில் அஞ்சலை ஒருத்தி. எனக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு என்னைவிடக் கொஞ்சம் குறைவு. புருஷன் போய்ச் சேர்ந்து பல வருடமாகிவிட்டது. ஒரே மகள் தேவி, இருபது வயசுப் பெண், பக்கத்து டவுனில் சாப்பாட்டுக் கடையில் தட்டு மங்கு கழுவிக்கொண்டிருந்தாள். அஞ்சலைக்கு ஐசி இல்லை. தோட்டத்தில் பிறந்தவள், பிறந்த பேப்பர் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அடையாள அட்டை இல்லாத தாய்க்குப் பிறந்ததால் தேவிக்கும் இல்லை.

எனக்கு அவளுடைய உடுப்பு வேண்டியிருந்தது. புதுத் துணியைக் கசக்கிக் கட்டினால் படம் காட்டிக்கொடுத்துவிடும். புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை, கைலி, தலைத்துண்டு, ரப்பர் பூட்ஸ், இவைதான் அவள் மரம் வெட்டப் போகிற உடுப்பு. பால் சிந்திக் காய்ந்து காய்ந்து அந்தச் சட்டை அட்டை மாதிரி விறைத்திருந்தது.

"நாத்தம் அடிக்கும்க்கா" என்றாள்.

"பரவாயில்ல, குடு."

"தொவச்சாவது தாரேன்."

"தொவைக்கக் கூடாது அஞ்சலை. அழுக்குதான் வேணும்."

அவளுக்குச் சிரிப்பாக இருந்தது. உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தாள்.

தன்னைத்தானே படமெடுக்கிறவளின் சங்கடம் உங்களுக்குத் தெரியும். கேமராவுக்குப் பின்னால் நாம் இருந்தால் முன்னால் யாரும் இல்லை. நாம் நிற்கப்போகிற இடத்தில் வேறொருவர் நின்றால்தான் வெளிச்சம் பார்க்கலாம், ஃபோக்கஸ் வைக்கலாம். சிலர் குடையை நட்டு வைப்பார்கள். எனக்கு அஞ்சலை நின்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அவள் வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். ஊதா நிறப் பட்டுச் சேலை, முகம் முழுக்கப் பவுடர், பெரிய பொட்டு, தலையில் மல்லிகை. அவளிடம் இருந்த ஒரே நல்ல சேலை அது. நானோ அவளுடைய அழுக்குச் சட்டையிலும் கைலியிலும் நிற்கிறேன்.

"என்ன அஞ்சலை, கல்யாணத்துக்குப் போறியா?"

"படம் புடிக்கணும்னு சொன்னீங்கல்லக்கா?"

"ஆமா, என்னைய. நீ சும்மா அந்த மரத்துக்கிட்ட நில்லு, போதும்."

போய் நின்றாள். முந்தானையைச் சரி செய்தாள், கையைக் கட்டிக்கொண்டாள், நேராகப் பார்த்தாள். நான் அழுத்தியதும், "புடிச்சிட்டீங்களாக்கா?" என்றாள்.

"இல்ல, வெளிச்சம் பார்க்கிறேன்."

"சத்தம் கேட்டுச்சே."

"அது டெஸ்ட். நகரு, நான் நிக்கணும்."

ஏழு ஞாயிற்றுக்கிழமை இப்படி. பட்டு பளபளத்து எனக்கு வெளிச்சக் கணக்கைக் குழப்பியது. அடுத்த வாரம் சேலை வேண்டாம், சாதாரணமாக வா என்று சொன்னேன். சரிக்கா என்று தலையாட்டினாள். அடுத்த வாரமும் அதே ஊதாச் சேலையில்தான் வந்தாள். எனக்கு எரிச்சல். சொன்னால் புரிகிறதா பார் என்று மனசுக்குள் திட்டினேன். புரியாதவள் யார் என்று இப்போது தெரிகிறது, தெரிந்து என்ன பிரயோஜனம்.

வீட்டுக்கு வந்ததும் என் முதல் வேலை கேமராவில் இருந்து டெஸ்ட் படங்களை அழிப்பது. சாப்பிட்ட மேசையைத் துடைக்கிற மாதிரிதான். கார்டில் இடம் வேண்டும், நல்லது மட்டும் இருக்க வேண்டும், அதுதான் ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிக்கூடப் பார்த்திருக்கிறேன். நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்தேன், மரப்பட்டை தெளிவாக இருக்கிறதா என்று பார்த்தேன். அஞ்சலைக்கு மூக்குத்தி எந்தப் பக்கம் என்று இன்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

ஏழாவது வாரம், நான் சாமான்களைக் காரில் ஏற்றும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஐசிக்கு மனு போடச் சொல்றாங்க. கோயில்ல ஒரு தம்பி எழுதித் தாரேன்னு சொல்லியிருக்கு. எனக்கும் தேவிக்கும் பாஸ்போர்ட் படம் வேணுமாம். இப்பவே ஒண்ணு புடிச்சிருங்களேன்."

முக்காலியை அப்போதுதான் மடித்திருந்தேன். வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது. "இங்க வேணாம் அஞ்சலை, பின்னால வெள்ளைத் துணி வேணும், லைட்டு வேணும். ஈப்போவுக்கு வா, ஸ்டூடியோவுல ஒழுங்கா எடுத்துத் தாரேன்" என்றேன். தொழில் தெரிந்தவளின் பதில் அது, தப்பே சொல்ல முடியாது. பால்மரத்தடியில் பின்னால் ஒரு வெள்ளை வேட்டியைப் பிடிக்கச் சொல்லி எடுத்திருக்கலாம். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

படங்கள் கோலாலம்பூரில் கண்காட்சியில் தொங்கின. திறப்பு விழாவில் எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தது பால்மரப் படங்களைத்தான். மைக் பிடித்த ஒருவர், நான் முகமில்லாதவர்களுக்கு முகம் கொடுத்திருப்பதாகப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஈப்போவுக்குத் திரும்பி ஸ்டூடியோவைத் திறந்தபோது, பக்கத்துச் சாப்பாட்டுக் கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, கூப்பிட்டார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அவர்களுக்கு அங்கே கடை.

"நேத்து ஒங்களத் தேடி ஒரு அம்மா வந்துச்சு லா. கூட ஒரு பொம்பளப் புள்ள. ஊதாச் சேலை கட்டியிருந்துச்சு. கடை சாத்தியிருக்குன்னு சொன்னேன், கேக்கல. படியிலயே ஒக்காந்திருந்துச்சு. நான்தான் கூப்ட்டுக் குடிக்கத் தே ஓ குடுத்தேன். கடைசி பஸ்ஸுக்கு எந்திரிச்சிப் போச்சு."

"ஏதாச்சும் சொல்லுச்சா நானா?"

"பொறவு வாரேன்னு சொல்லச் சொல்லுச்சு."

அடுத்த ஞாயிறு நானே போய் எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு ஒரு கல்யாணம். அதற்கடுத்த ஞாயிறு இரண்டு கல்யாணம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: எனக்கு வேண்டிய படங்கள் கிடைத்துவிட்டன. தோட்டத்துக்குப் போக வேறு காரணம் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து ஸ்டூடியோ வாசலில் தேவி நின்றாள். தனியாக.

"அம்மா தவறிப் போச்சு ஆன்ட்டி. இன்னிக்கு மூணாம் நாளு."

டெங்கிக் காய்ச்சல். ஐசி இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, நாலு நாள் தோட்டத்து லயத்து வீட்டிலேயே கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். தூக்கிக்கொண்டு போனபோது நேரம் கடந்துவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் அழவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னாள்.

"கருமாதிக்கு அம்மா படம் வேணும் ஆன்ட்டி. வீட்டுல ஒண்ணுகூட இல்ல. கோயில் திருவிழாவுல எடுத்தது ஒண்ணு இருக்கு, அதுல அம்மா திரும்பிக்கிட்டு நிக்குது. ஒங்ககிட்டதான் நெறய இருக்குன்னு அம்மா சொல்லும். அக்கா என்னைய வாரா வாரம் புடிக்கிறாங்கன்னு லயம் பூரா சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நல்லதா ஒண்ணு பெருசாக்கிக் குடுங்க. அந்த ஊதாச் சேலையிலதான் அனுப்பி வெச்சோம். அதுலயே இருந்தா நல்லா இருக்கும்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "சரிம்மா, பார்த்து வைக்கிறேன்."

இதைத்தான் நெருக்கடியில் எடுக்கிற முடிவு என்று சொல்வார்கள். பதற்றத்தில் வாயில் இருந்து வருகிற முதல் வார்த்தை பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் வரும்.

அன்றிலிருந்து தேடினேன். கம்ப்யூட்டர், பழைய கார்டு, மேசை இழுப்பறை, எதையும் விடவில்லை. அழிந்த படங்களை மீட்டுத் தருகிற சீனன் ஒருவன் பழைய டவுனில் இருந்தான். அவனிடம் கார்டைக் கொடுத்தேன். அந்தக் கார்டின் மேல் மூன்று கல்யாணத்தை எடுத்திருந்தேன். நாலு நாள் மெனக்கெட்டான். "சூடா ஹாபிஸ் லா, எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று மலாயும் தமிழுமாகச் சொன்னான். ஒரே ஒரு படத்தின் மேல்துண்டு மட்டும் கிடைத்தது. பால்மரக் கிளைகள், கொஞ்சம் மல்லிகை, வகிடு, நெற்றியில் பொட்டின் மேல்பாதி. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். புருவம்கூட இல்லை.

கருமாதிக்கு மூன்று நாள் இருக்கும்போது நான் செய்த காரியத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவளுடைய உடுப்பில் நான் நிற்கிற படங்களில், தலைத்துண்டின் நிழல் முகத்தில் விழுந்த ஒன்றை எடுத்தேன். கம்ப்யூட்டரில் அந்த நிழலை இன்னும் இருட்டாக்கினேன். கண் தெரிகிறதா, இருட்டாக்கு. மூக்கு தெரிகிறதா, இருட்டாக்கு. நான் மறைகிற வரைக்கும் இருட்டாக்கிப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்து வைத்தேன். முகம் தெரியாவிட்டால் அவளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கணக்குப் போட்டேன்.

தேவி வந்து இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தாள். சட்டையைப் பார்த்தாள், கைலியைப் பார்த்தாள், விரலால் தடவினாள்.

"மொகம் இருட்டா இருக்கே ஆன்ட்டி."

"நிழல் விழுந்திருச்சும்மா."

"அம்மா கறுப்புதான். இவ்ளோ இருட்டு இல்ல. கொஞ்சம் வெளிச்சமாக்குங்களேன். கம்ப்யூட்டர்ல செய்யலாம்தானே?"

செய்யலாம். ஒரு நிமிட வேலை. இருபது வருடம் தொழில் செய்தவளுக்கு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை.

"தேவி, வெளிச்சமாக்கினா நான் தெரிவேன்" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. உடைத்துச் சொன்னேன். படத்தில் இருப்பது நான், உன் அம்மா உடுப்பைத்தான் போட்டிருந்தேன், உன் அம்மாவை நிற்க வைத்து வெளிச்சம் மட்டும் பார்த்தேன், எடுத்ததை எல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிட்டேன். அவள் என்னைத் திட்டுவாள், சட்டத்தைத் தூக்கி அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

படத்தை மேசையில் வைத்தாள்.

"எல்லாத்தையுமா அழிச்சிட்டீங்க?"

"எல்லாத்தையும்."

மீட்ட துண்டைக் காட்டினேன். பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அப்புறம் பிரேமை என் பக்கம் தள்ளினாள்.

"வெளிச்சமாக்கிக் குடுங்க. அம்மா சட்ட, அம்மா கைலி, அம்மா வெட்டுன மரம். மூஞ்சி மட்டும்தான் ஒங்களுது. மூஞ்சி இல்லாத படத்துக்கு எப்டி மால போடுறது?"

ஆக்கிக் கொடுத்தேன். அந்தப் பெண் பக்கத்தில் நிற்க, என் கண்ணை, என் மூக்கை, என் வாயை ஒவ்வொன்றாக நானே வெளியே கொண்டுவந்தேன்.

கருமாதிக்குப் போனேன். போகாமல் இருக்க எனக்குத் துணிச்சல் இல்லை. லயத்து வாசலில் பந்தல், நடுவில் மேசை, மேசையில் நான். சாமந்தி மாலை, குங்குமம், முன்னால் படையல். வந்தவர்கள் கற்பூரம் காட்டிக் கும்பிட்டார்கள். முன்பு அஞ்சலையோடு மரம் வெட்டிய ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "அப்டியே இருக்கா" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பார்வை மங்கிய மனுஷன். மற்றவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், தேவியைப் பார்த்தார்கள். தேவியின் துக்கத்துக்கு முன்னால் யார் வாயைத் திறப்பது.

அதற்குப் பிறகு நான் எந்த வேஷமும் போடவில்லை. கேட்டவர்களிடம் முதுகுவலி என்று சொன்னேன். கல்யாணம், பாஸ்போர்ட், பள்ளிக்கூடக் குரூப் படம் என்று இன்னும் பத்து வருடம் ஓட்டிவிட்டு ஸ்டூடியோவை மூடினேன். அஞ்சலை போய்ப் பதிமூன்று வருடம் ஆகிறது. தேவியின் மனு இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. தாயைப் பற்றி ஒரு சான்றும் இல்லையாம். பாஸ்போர்ட் படம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், இரண்டு முறையும். வெள்ளைத் துணி, இரண்டு லைட்டு, எல்லாம் ஒழுங்காக.

உங்களுக்குப் பாடம் சொல்லச் சொன்னீர்கள். டெஸ்ட் படத்தை அழிக்காதே என்றுதான் சொல்ல முடிகிறது. அது பாடமே இல்லை என்று எனக்கும் தெரியும். அழிக்காமல் வைத்திருந்தாலும் நான் அவளைப் பார்த்திருக்க மாட்டேன். அவள் மகள் மட்டும் பார்த்திருப்பாள். அதுவாவது நடந்திருக்கும்.

தேவி இப்போது ஈப்போவில் மலிவு வீட்டுக் குடியிருப்பு ஒன்றில் நாலாவது மாடியில் இருக்கிறாள். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை, மூன்று வயது. அஞ்சலை இருந்திருந்தால் அதற்கு ஆயா, அம்மாவைப் பெற்ற பாட்டி. அதற்கும் பேப்பர் சரியில்லை. அஞ்சலையின் திதிக்கு என்னை வருடா வருடம் கூப்பிடுவாள். எதற்குக் கூப்பிடுகிறாள் என்று நான் கேட்டதில்லை. சில வருடம் போனேன், பல வருடம் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தப்பித்தேன். குழந்தை பிறந்த பிறகு நான் போனது போன மாதம்தான்.

கதவு திறந்தே இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தேன். கூடத்துச் சுவரில் அந்தப் படம், புது மாலையோடு. கீழே குழந்தை உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தது. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தது. மறுபடியும் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து அடுப்படிக்கு ஓடியது.

"அம்மா, ஆயா வந்திருக்கு."

கரண்டிச் சத்தம் நின்றது. தேவி எட்டிப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்றேன், அவள் திருத்திச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

"ஆமா" என்றாள் குழந்தையிடம். "ஒக்காரச் சொல்லு."

குழந்தை வந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய், படத்துக்குக் கீழே இருந்த நாற்காலியைக் காட்டியது. உட்கார்ந்தேன்.